அத்தியாயம் 4: கண்டி நகரில் ஓராண்டு ஊழியம் – ஆயத்தம் முதல் ஒப்படைப்பு வரை

உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது, அல்லது பட்டப்படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருக்கிறீர்கள். இடையில் கிடைத்த ஓராண்டைக் கர்த்தருடைய பணிக்குக் கொடுக்க முடிவெடுத்திருக்கிறீர்கள். போகும் இடம் கண்டி. அழைப்பைப் பற்றி உங்கள் போதகரும் வீட்டாரும் போதுமான அளவு பேசியிருப்பார்கள். இந்த அத்தியாயம் பெட்டி கட்டுவது முதல் பொறுப்பை ஒப்படைப்பது வரை உள்ள வேலைகளை மட்டும் பார்க்கிறது.

கண்டி ஊழியம் என்றதும் பலருக்குத் தேயிலை மலையும் லயனும்தான் மனதில் வரும். அதற்குக் காரணம் உண்டு. தோட்டத் தமிழர் நடுவே சீ.எம்.எஸ். என்ற அங்கிலிக்கன் மிஷன் 1854இலேயே தனிப் பணி தொடங்கியது. அந்தப் பணியில் பிறந்த சபைகள் இன்றும் மலையெங்கும் இருக்கின்றன. ஆனால் நகர ஊழியம் வேறு. இங்கே உங்கள் ஆட்கள் மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், போர்டிங்கில் தங்கும் மாணவர், பெரியாஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் உறவினர். ஒரே படிக்கட்டில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஏறி இறங்குவார்கள்.

எந்த வேலையைத் தொடங்குமுன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: 13ஆம் மாதம் இதை யார் செய்வார்கள்? பதில் இருந்தால் தொடங்கலாம். பதில் இல்லாவிட்டால் அது எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் கைவைக்க வேண்டாம். நகரத்து ஏழைக் குடியிருப்புகள் பல குழுக்களைப் பார்த்துவிட்டன. வந்தவர்கள் பாட்டுப் பாடினார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அந்த வரிசையில் நீங்களும் சேராமலிருக்கத்தான் கீழே உள்ள ஒவ்வொரு படியும்.

## 1. ஆறு மாதத்துக்கு முன்: யாருடைய பொறுப்பில் போகிறீர்கள்?

தனியாகப் போகாதீர்கள். அனுப்பும் சபை ஒன்று, ஏற்கும் சபை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஓர் எழுத்து ஒப்பந்தம். இம்மூன்றும் இல்லாமல் பஸ் ஏறக்கூடாது.

1. அனுப்பும் சபையில் மூன்று பேரைப் பிடியுங்கள். ஒருவர் காசுக் கணக்குப் பார்க்க, ஒருவர் ஜெபக் குறிப்பை மற்றவர்களுக்குக் கொண்டுபோக, ஒருவர் மாதம் ஒருமுறை உங்களோடு தொலைபேசியில் மனம்விட்டுப் பேச. மூன்றாமவர் உங்கள் நண்பராக இருக்கக்கூடாது. “தம்பி, நீ செய்வது சரியில்லை” என்று சொல்லக்கூடிய மூத்தவராக இருக்க வேண்டும்.

2. ஏற்கும் சபையைத் தேடுங்கள். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த, கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே என்று கண்டியில் எல்லாப் பாரம்பரியத்துக்கும் ஆலயம் உண்டு. தமிழ் ஆராதனையும் உண்டு. உங்கள் திருச்சபையின் மேலிடத்தின் ஊடாகவே அணுகுங்கள். முகநூலில் பார்த்த ஒரு குழுவுக்கு நேரே எழுதிப் புறப்படுவது ஆபத்து.

3. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு நாள் தங்கி, போதகர், அவர் மனைவி, சபை மூப்பர் ஒருவர், வாலிபர் தலைவர் ஆகிய நால்வரிடமும் தனித்தனியே “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேளுங்கள். நால்வரும் ஒன்றையே சொன்னால் அதுதான் உங்கள் வேலை. நான்கு விதமாகச் சொன்னால் அவர்கள் கூடிப் பேசி முடிவு சொல்லும்வரை காத்திருங்கள்.

4. ஒப்பந்தத்தை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். தொடங்கும் திகதியும் முடியும் திகதியும், வேலை என்ன, வாரத்தில் எத்தனை நாள், ஓய்வு நாள் எது, தங்குமிடத்துக்கு யார் பணம் தருவார்கள், நோய் வந்தால் யார் பொறுப்பு, முரண்பாடு வந்தால் யாரிடம் போவது, வேலையைப் பின்னர் ஏற்கப்போகிறவர் பெயர். கடைசி வரி வெறுமையாக இருந்தால் கையெழுத்திட வேண்டாம்.

குறிப்பு: கண்டியைச் சுற்றி இரண்டு பெரிய இறையியல் கல்வி நிலையங்கள் உண்டு. 1963இல் தொடங்கிய பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களைப் பயிற்றுவிக்கிறது. பேராதனையில் லங்கா வேதாகமக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் தமிழ் மாணவர் ஒருவரை உங்கள் சபை மூலம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நகரம் தெரிந்த வழித்துணை கிடைக்கும்.

## 2. மூன்று மாதத்துக்கு முன்: காகிதமும் காசும்

கோப்பில் இருக்க வேண்டியவை:

- தேசிய அடையாள அட்டையும் அதன் இரண்டு பிரதிகளும்
- பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி
- உங்கள் ஊர்க் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ்
- பொலிஸ் நற்சான்றிதழ் (சிறுவரோடு பழகும் எவருக்கும் இது கட்டாயம் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்)
- அனுப்பும் சபையின் கடிதம், தமிழிலும் சிங்களத்திலும்
- இரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமாக எடுக்கும் மருந்து எழுதிய ஒரு சிறு அட்டை

சிங்களக் கடிதத்தைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். போர்டிங் வீட்டுக்காரரோ பொலிசாரோ “நீ யார், இங்கே என்ன செய்கிறாய்?” என்று கேட்கும்போது நீளமான விளக்கத்தைவிட முத்திரை குத்திய அந்த ஒரு தாள் உதவும். வடக்கு, கிழக்கிலிருந்து வருகிறவர்கள் இப்படிக் கேட்கப்படும்போது முகம் சுழிக்காமல் காட்டிவிட்டு, அன்றே போதகருக்குச் சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு: சுற்றுலா வீசாவில் ஊழியம் செய்யக்கூடாது. பிடிபட்டால் உங்களை அனுப்பிவிடுவார்கள். உங்களை ஏற்ற சபைக்குத்தான் அவப்பெயர் மிஞ்சும். ஏற்கும் சபையே உரிய வதிவிட வீசாவுக்கு விண்ணப்பிக்கட்டும். அது கையில் வந்த பிறகே பயணச்சீட்டு.

காசு:

1. மாதச் செலவை ஐந்து தலைப்பில் எழுதுங்கள்: அறை வாடகை, சாப்பாடு, பஸ், ரீலோட், மருந்து. அறைக்கு முற்பணம் கேட்பார்கள்; அதைத் தனியாக ஒதுக்குங்கள்.
2. மூன்று மாதச் செலவு வங்கியில் இருக்கும்போதுதான் புறப்படுங்கள். மிகுதியை மாதாமாதம் தருகிறோம் என்றவர்களின் பெயர்ப் பட்டியல் கணக்குப் பார்ப்பவரிடம் இருக்கட்டும்.
3. ஊழியத்துக்கு வரும் காணிக்கை எதுவும் உங்கள் சொந்தக் கணக்குக்கு வரக்கூடாது. சபைக் கணக்குக்கு வரட்டும், பற்றுச்சீட்டோடு.
4. கடன் கொடுக்காதீர்கள், சீட்டில் சேராதீர்கள், எவருக்கும் பிணை நிற்காதீர்கள். நுண்கடன் கம்பனிகளின் வாரத் தவணையில் சிக்கிய குடும்பங்களைப் பார்ப்பீர்கள், மனம் பதறும். அவசர உதவி தேவையென்றால் சபையின் ஏழைகள் நிதிக்கு எழுதிக்கொடுங்கள். உங்கள் கை நேரே நீளக்கூடாது.

## 3. இன்றே தொடங்க வேண்டியது: சிங்களம்

தமிழ் மக்கள் நடுவே வேலை செய்யத்தானே போகிறோம், சிங்களம் எதற்கு என்று நினைக்காதீர்கள். பஸ், கடை, மருந்தகம், கச்சேரி, பொலிஸ் எல்லாம் கண்டியில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடுகின்றன. உங்களிடம் வரும் தமிழ்க் குடும்பத்தின் பாதிப் பிரச்சினை அந்த இடங்களில்தான் இருக்கும்.

1. முதல் மாதம்: எழுத்து. பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கும் அளவு போதும்.
2. இரண்டாம் மாதம்: எண், நேரம், விலை, உறவுமுறை, உடல் உறுப்புகள்.
3. மூன்றாம் மாதம் முதல்: நாளுக்கு ஒருவரோடு ஐந்து நிமிடம் பேச்சு. கடைக்காரர், பஸ் நடத்துனர் யாராக இருந்தாலும் சரி.

முதல் வாரத்திலேயே நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள்:

- “மட்ட சிங்ஹல டிகக் விதரய் புளுவன்” – எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும்.
- “ஹெமின் கியன்ன” – மெதுவாகச் சொல்லுங்கள்.
- “ஆயெத் கியன்ன” – திரும்பச் சொல்லுங்கள்.
- “மேக்க லியலா தென்ன” – இதை எழுதித் தாருங்கள்.

பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் “பஹினவா” என்று உரக்கச் சொன்னால் போதும். உங்களைவிட மூத்த ஆணை “அய்யே”, பெண்ணை “அக்கே” என்றழையுங்கள். பிக்குவிடம் பேசும்போது “ஹாமுதுருவனே”.

தமிழிலும் ஒரு கவனம்: நீங்கள் யாழ்ப்பாணத்தவராகவோ மட்டக்களப்பாராகவோ இருந்தால் கண்டித் தமிழ் வேறு ஓசையில் கேட்கும். திருத்தப் போகாதீர்கள், பகிடியாகக்கூடத் திரும்பச் சொல்லிக்காட்டாதீர்கள். பலர் பாடசாலையிலேயே அந்தக் கேலியைப் பட்டவர்கள்.

### முன்னோடி ஒருவர்

கோவாவில் பிறந்த யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் இலங்கைக்கு வந்தார். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. ஏழைக் கூலியாள் வேடத்தில்தான் கரையிறங்கினார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். தமிழ் கற்றிருந்தவர், அந்தச் சிறையில் சிங்களமும் கற்றார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, வசதியுள்ளவர்கள் நகரைவிட்டு ஓடியபோது, அவரும் உடனிருந்த குருவானவரும் தங்கி நோயாளரைக் கழுவினார்கள், ஊட்டினார்கள், இறந்தவர்களை அடக்கினார்கள். நோயாளரின் சமயத்தைக் கேட்டுப் பராமரிக்கவில்லை. பௌத்த அரசரான இரண்டாம் விமலதர்மசூரியனின் மதிப்பு அவருக்குக் கிடைத்தது. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவரானாலும் அவருடைய வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மொழி, பிறகு நோயாளர் பராமரிப்பு.

## 4. முதல் இரண்டு வாரம்: நடந்து பாருங்கள்

வந்தவுடன் கூட்டம் வைக்காதீர்கள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து நடங்கள். சபையைச் சேர்ந்த ஒருவர் கூட வரட்டும்.

1. குட்செட் பஸ் நிலையமும் ரயில் நிலையமும்: தோட்டங்களிலிருந்து நகருக்கு வருகிறவர்கள் இறங்கும் பகுதி. காலை 6 மணிக்கு ஒருமுறை, மாலை 6 மணிக்கு ஒருமுறை நின்று பாருங்கள். வேலை தேடிவரும் இளைஞர்களும் கொழும்புக்குப் போகும் வீட்டுவேலைப் பெண்களும் கண்ணில் படுவார்கள்.

2. கண்டி தேசிய வைத்தியசாலை: மத்திய மலைநாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளரை இங்கே அனுப்புகிறார்கள். கூட வந்தவர்களுக்குத் தங்க இடமிருக்காது. துண்டில் எழுதியது புரியாது. எந்தக் கட்டடத்துக்குப் போவதென்றும் தெரியாது. சபைக்கு ஆண்டு முழுக்க ஒரு வேலை இங்கே காத்திருக்கிறது.

3. கங்கவட்ட கோறளைப் பிரதேச செயலகம்: கண்டி நகரத்தாரின் பெரும்பாலான காகித வேலைகள் இங்கேதான். எந்த வேலைக்கு எந்த மேசை, எந்த நாளில் மக்கள் சந்திப்பு, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் யார் என்று எழுதி வையுங்கள். இந்த ஒரு பக்கக் குறிப்பு உங்கள் பிரசங்கங்கள் பலவற்றைவிடப் பயன்படும்.

4. மஹியாவ, தெய்யன்னேவெல போன்ற குடியிருப்புகள்: அறிமுகத்தோடு மட்டும் போங்கள். அடுத்த பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

5. தலதா மாளிகைச் சுற்றுவட்டம்: மாளிகைக்கும் நாத தேவாலயத்துக்கும் அருகிலேயே பரிசுத்த பவுல் ஆலயம் நிற்கிறது. நீங்கள் எந்த நகரில் ஊழியம் செய்கிறீர்கள் என்று அந்த ஓரிடத்தில் நின்றாலே விளங்கும்.

## 5. ஒரு வீட்டுக்குப் போவது எப்படி

மஹியாவவில் வாழும் தமிழர்களில் பலர், நகரைச் சுத்தம் செய்ய வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர். ஒடுங்கிய அறைகள், செங்குத்துப் படிகள், பல வீட்டுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய். எல்லாவற்றையும்விடப் பாரமானது முகவரி. வேலை விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் நேர்முகத்துக்கே கூப்பிடமாட்டார்கள் என்று பயந்து, உறவினர் முகவரியைப் போடும் இளைஞர்கள் உண்டு.

1. நேரம்: தெருக் கூட்டுகிறவர்கள் விடியுமுன் வேலைக்குப் போகிறார்கள். காலையில் குழாயடியில் வரிசை. மாலை 4 மணிக்குப் பிறகு போவது நல்லது. மழை நாளில் குடையைச் சொட்டவிட்டு உள்ளே கொண்டுபோகாதீர்கள்; அறை முழுதும் பாயும் உடுப்பும்தான்.
2. வாசலில்: செருப்பைக் கழற்றி, பெயர் சொல்லி, யார் அனுப்பினார் என்று சொல்லி, கூப்பிடும்வரை நில்லுங்கள்.
3. உள்ளே: இருக்கும் ஒரே கதிரையை உங்களுக்குத் துடைத்துத் தருவார்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அதை அவருக்கு விட்டுவிட்டுப் பாயில் உட்காருங்கள். பிளேன்டீ வரும். குடியுங்கள். “வேண்டாம்” என்பது அந்த வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்பதாகப் படும்; சாதிச் சொல்லால் அடிபட்டவர்களுக்கு அது மறக்காது.
4. பேச்சு: முதல் மூன்று சந்திப்பிலும் கேட்பது மட்டும். சம்பளம், கடன், குடி, கணவன்-மனைவி சண்டை இவற்றை நீங்களாகத் தொடாதீர்கள்.
5. ஜெபம்: “ஜெபிக்கலாமா, அம்மா?” என்று கேட்டு, சரியென்றால் சுருக்கமாக. வீட்டில் சாமிப் படமிருந்தால் அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.
6. வெளியேறுதல்: இருபது நிமிடம். திரும்ப வருவேன் என்று சொன்னால் அந்த நாளில் வரவேண்டும்.

எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

“தம்பி எத்தன மாசம் இருப்பீங்க?”

“வார டிசம்பர் வரைக்கும், அக்கா. பிறகு படிக்கப் போயிருவேன். பிள்ளைகளோட படிப்ப அதுக்குப் பிறகு நம்ம சபை அண்ணன் பார்ப்பாரு. அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வாறேன்.”

படம் பற்றி: வீட்டையோ பிள்ளைகளையோ படமெடுத்து ஜெபக் கடிதத்தில் போடாதீர்கள். ஊர்ப் பெயரும் வேண்டாம். “கண்டியில் ஒரு குடியிருப்பு” என்று எழுதினாலே போதும். நீங்கள் போட்ட படம் ஐந்து வருடம் கழித்து ஒரு பெண்ணின் கலியாணப் பேச்சில் எழும்பி வரக்கூடும்.

## 6. பிற சமயத்தார் நடுவே: சட்டமும் மரியாதையும்

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் கிறிஸ்தவர்கள் எல்லாத் திருச்சபையினரும் சேர்ந்து நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. பௌத்தருக்குக் கண்டி புனித நகரம். இந்த இரண்டையும் நினைவில் வைத்து, சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

- 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரை விரும்பிய சமயத்தை வைத்திருக்கும் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. 14ஆம் உறுப்புரை வழிபாடு, அனுசரிப்பு, சாதனை, போதனை மூலம் அதை வெளிப்படுத்தும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது.
- மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை.
- ஆனால் 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகள் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், நலிந்தவர்களுக்குப் பொருளுதவி தருவதும் சமயம் பரப்புவதும் ஒன்றாகச் சேர்வதை ஏற்கவில்லை.
- 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் சமயப் பகைமையைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்குகிறது. கைப்பேசியில் பகிரும் ஒரு பகிடிப் படமும் உங்களைப் பொலிஸ் நிலையம்வரை கொண்டுபோகலாம்.

ஆகவே நடைமுறை விதிகள்:

1. அரிசிப் பொதியையும் துண்டுப்பிரசுரத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஒரே நாளிலும் கொடுக்காதீர்கள். உதவி தேவைப்படுகிறவர் எந்தச் சமயமானாலும் ஒரே அளவு.
2. பெற்றோர் அறியாமல் பிற சமயப் பிள்ளையை ஞாயிறு பாடசாலைக்கு அழைக்காதீர்கள். ரியூசன் வகுப்பில் வேதபாடம் நடத்துவதென்றால் அதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி, தனி நேரத்தில் வையுங்கள்.
3. வாடகை வீட்டில் ஒலிபெருக்கியோடு ஜெபக்கூட்டம் தொடங்காதீர்கள். வீட்டுக் கூட்டங்களுக்கு அயலவர் எதிர்ப்புக் கிளம்பிய ஊர்கள் பல. இடம், நேரம் எல்லாவற்றையும் போதகர் தீர்மானிக்கட்டும்.
4. தலதா மாளிகைப் பகுதியில் தோளும் முழங்காலும் மூடிய உடை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படமெடுக்காதீர்கள். பஸ்ஸின் முன் ஆசனம் மதகுருமாருக்கு. பிக்கு ஏறினால் எழும்புங்கள்.
5. கோயில் பிரசாதமோ கந்தூரிச் சாப்பாடோ தந்தால் உங்கள் சபையின் வழக்கம் என்னவென்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். மறுப்பதென்றால் இரு கையும் கூப்பி, சிரித்து, “மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணே” என்று முடியுங்கள். அங்கே வைத்துக் காரணம் விளக்க வேண்டாம்.
6. எசல பெரஹெர ஊர்வலம் ஜூலை–ஆகஸ்ட் மாதங்களில் வரும். வீதிகள் மூடப்படும், அறை வாடகை ஏறும். அந்த நாட்களில் வெளி நிகழ்ச்சி வைக்காதீர்கள். போயா தினங்களையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

பதற்றம் வந்தால்: 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் தெல்தெனிய, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு நாட்டில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று ஆலயங்களில் குண்டு வெடித்தது. இப்படியொரு நாளில் செய்ய வேண்டியவை: இருக்கும் வீட்டைவிட்டு வெளியேறாதிருத்தல், போதகருக்கும் வீட்டுக்கும் ஒரு குறுஞ்செய்தி, வந்த எந்தக் காணொளியையும் பகிராதிருத்தல். நிலைமை அடங்கிய பின் சபையாரோடு அயல்வீடுகளுக்குப் போய்ச் சுகம் விசாரியுங்கள்.

## 7. சிறுவர் பாதுகாப்பு: விலக்கில்லாத ஐந்து விதிகள்

1. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள்.
2. பிள்ளையை உங்கள் போர்டிங்குக்கு அழைக்காதீர்கள்.
3. தனிப்பட்ட இரவுநேரக் குறுஞ்செய்தி கிடையாது. பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும்.
4. அடிக்காதீர்கள். “நம்ம பிள்ளைதானே, ரெண்டு போடுங்க” என்று தாய் சொன்னாலும் இல்லை.
5. பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சொன்னால்: கேளுங்கள், குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள், “யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றே சபையின் பொறுப்பாளரிடம் போங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. சபைக்குள் பேசி முடிப்போம் என்று யார் சொன்னாலும் அந்த இலக்கத்தை அழைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

## 8. உடம்பு, மழை, இரவு

கண்டி குளிர்ந்த ஊர் என்று நம்பி வருகிறவர்களைப் படிக்கட்டு சோதிக்கும். பிடிமானமுள்ள ஒரு சோடிச் சப்பாத்து, நல்ல குடை, கைவிளக்கு இம்மூன்றும் பெட்டியில் முதலில் போகட்டும்.

- மண்சரிவு: ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கடும் மழை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது. அறை எடுக்கும்போது பின்புறம் வெட்டிய மண்மேடு இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாமானை எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை மழை நாளில் பார்த்துவிட்டே மலைக் குடியிருப்புகளுக்குப் போங்கள்.
- காய்ச்சல்: டெங்கு உள்ள ஊர். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், புரூபன் வேண்டாம். இரண்டாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. வெள்ளம் வடிந்த இடத்தில் காலில் காயத்தோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.
- போதை: ‘ஐஸ்’, ‘குடு’ விற்கும் மூலை எதுவென்று சபை வாலிபருக்குத் தெரியும். அங்கே நின்று உபதேசம் செய்ய வேண்டாம். எவரது பொதியையும் கையில் வாங்கவும் வேண்டாம். விடுபட விரும்புகிறவர் வந்தால் போதகரோடு சேர்ந்து வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.
- இரவு: 9 மணிக்குமுன் அறைக்குத் திரும்புங்கள். பெண்கள் இருவராகவே வீடு சந்திக்கப் போக வேண்டும். திரும்பும் திரீவீல் தெரிந்தவருடையதாக இருக்கட்டும்.

கைப்பேசியில் இன்றே பதிய வேண்டியவை: பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110, அனர்த்த முகாமைத்துவம் 117, பெண்கள் உதவி 1938, மனநல உதவி 1926. கடைசி இலக்கம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

## 9. ஒரு வாரம் எப்படி ஓடும்

- திங்கள்: ஓய்வு. துணி துவைத்தல், வீட்டுக்குப் பேசுதல். கூட்டம் எதுவும் இல்லை.
- செவ்வாய், வியாழன்: காலையில் வைத்தியசாலை உதவி, மாலையில் சாதாரண தர மாணவருக்கு ரியூசன்.
- புதன்: பிரதேச செயலகத்தில் படிவ உதவி, மாலையில் சிங்கள வகுப்பு.
- வெள்ளி: வீட்டுச் சந்திப்பு, மூன்று வீட்டுக்கு மேல் இல்லை.
- சனி: வாலிபர் கூட்டம். நடத்துவது அவர்கள், நீங்கள் பின்வரிசை.
- ஞாயிறு: ஆராதனை, பிறகு போதகரோடு அரைமணி நேர மீளாய்வு.

படிவ உதவிக்கு ஒரு முறை உண்டு. நீங்களே நிரப்பிக் கொடுத்தால் அடுத்த முறையும் உங்களைத்தான் தேடுவார்கள். மேசையில் இரண்டு தாள் வையுங்கள். ஒன்றில் நீங்கள் பென்சிலால் நிரப்பிக் காட்டுங்கள். மற்றதில் அந்த வீட்டில் படிக்கும் பிள்ளை பேனையால் நிரப்பட்டும். தமிழும் ஆட்சிமொழிதான், தமிழ்ப் படிவம் கேட்கவும் அதே பிள்ளையைப் பழக்குங்கள்.

## 10. அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. முதல் மாதத்திலேயே புதுத் திட்டம். நடந்துகொண்டிருக்கும் ஒன்றில் சேருங்கள். மூன்று மாதம்வரை புதிதாக எதுவும் வேண்டாம்.
2. பிள்ளைகளுக்கு இனிப்புப் பை. அடுத்த வாரமும் பையைத்தான் எதிர்பார்ப்பார்கள். உங்களுக்குப் பின் வருகிறவர் பையில்லாமல் நிற்பார்.
3. இரண்டு சபைக்கிடையே கால். வேறு சபையிலிருந்து அழைப்பு வந்தால் உங்கள் போதகரின் அனுமதியோடு மட்டும்.
4. ஊழியத்துணையோடு காதல். ஒப்பந்த ஆண்டு முடியும்வரை தள்ளிவையுங்கள். தள்ள முடியாதென்றால் இரு வீட்டாருக்கும் போதகருக்கும் சொல்லிவிடுங்கள். குடியிருப்பில் பெயர் கெட்டால் வேலையும் கெடும்.
5. ஓய்வு நாளை விடுவது. நான்காம் மாதத்தில் எரிச்சல், தூக்கமின்மை, ஜெபிக்க மனமின்மை மூன்றும் சேர்ந்து வரும். உங்கள் மூத்தவரிடம் சொல்லுங்கள். தேவையென்றால் ஒரு வாரம் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

## 11. கடைசி மூன்று மாதம்: ஒப்படைப்பு

1. 10ஆம் மாதம்: உங்கள் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஏற்பவரின் பெயரை எழுதுங்கள். பெயரில்லாத வேலையை இப்போதே மெல்ல நிறுத்துங்கள். காரணத்தை மக்களிடம் நேரே சொல்லுங்கள்.
2. 11ஆம் மாதம்: ஏற்பவர் நடத்தட்டும், நீங்கள் கூட இருங்கள். அவர் உங்களைப்போல் செய்யமாட்டார். தலையிடாதீர்கள்.
3. 12ஆம் மாதம்: கொப்பி, சாவி, கணக்கு, மாணவர் பட்டியல் எல்லாவற்றையும் கையெழுத்தோடு கொடுங்கள். சந்தித்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் விடைபெறுங்கள். பெரிய பிரியாவிடை விழா வேண்டாம்.
4. போன பிறகு: ஆறு மாதம்வரை உதவி கேட்டு வரும் அழைப்புகளை ஏற்றவரிடம் திருப்பிவிடுங்கள். “நான் பார்க்கிறேன்” என்று ஒருமுறை சொன்னாலும் அவருடைய கை தளர்ந்துவிடும்.

### புறப்படுமுன் சரிபார்க்க

- ஒப்பந்தத்தில் ஏற்பவர் பெயர் உண்டா?
- சிங்களக் கடிதம் கோப்பில் உண்டா?
- மூன்று மாதச் செலவு வங்கியில் உண்டா?
- நான்கு சிங்கள வாக்கியமும் பார்க்காமல் வருகிறதா?
- மாதம் ஒருமுறை கடிந்துகொள்ளும் மூத்தவர் சம்மதித்தாரா?
- பொலிஸ் நற்சான்றிதழ் வந்துவிட்டதா?

ஆறுக்கும் ‘ஆம்’ என்றால் பயணச்சீட்டு எடுக்கலாம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் புறப்படும் திகதியை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள், சபை காத்திருக்கும்.